போட்டிக்கு வரம்பு கட்டுதல்: கடனாலும் ஒப்பீட்டாலும் நெருக்கப்படும் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைத்து நுண்நிதி நிறுவனங்கள் கொடுக்கும் கிழமைக் கடனைக் கட்டும் நாளில் எங்கள் ஒழுங்கையில் காலை பத்து மணிக்கே சில வீடுகளின் படலை சாத்தப்பட்டிருக்கும். உள்ளே ஆள் இருப்பதை அடுப்புப் புகை காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டு மச்சாள் வந்து கூப்பிட்டாலும் பதில் வராது. அவளும் அதே குழுவில் பிணைக் கையெழுத்து வைத்தவள். உள்ளே இருப்பவள் கட்டத் தவறும் தவணையைத் தன் கைக்காசிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டியவள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது, ஒருத்தியின் பிள்ளையை மற்றவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய இருவர் இவர்கள். இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக நீண்டகாலம் இருந்தவள் நான். அந்தச் சாத்திய படலைகள்தான் என்னை இதை எழுத வைத்தன.

அவர்களுடைய குணம் கெட்டுவிட்டது என்று ஊர் பேசுகிறது. நான் அதை ஏற்கவில்லை. அயலவளுக்கு முன்னால் தலைகுனிய நேரும் என்ற அச்சத்தையே ஈடாகப் பெற்றுக்கொண்டு காசு கொடுக்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் நல்ல பெண்கள் இருவரை நிறுத்தினால், அவர்கள் ஒருவரையொருவர் கண்டு ஒளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவர் மற்றவரை முந்தினால்தான் வாழலாம், பிந்தியவர் வாழ்வையே இழப்பார் என்று அமைந்த பொருளாதாரம், அதன் நடுவே வாழ்பவர்களின் தூக்கத்திலும் பேச்சிலும் உறவிலும் இப்படித்தான் தன் தடத்தைப் பதிக்கிறது. 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது நெசவுக்குப் பேர்போன மருதமுனையின் தறிகளுக்கு நேர்ந்ததையும், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது ஒவ்வொரு குசினிக்கும் நேர்ந்ததையும் தனி வீடுகளின் சோம்பலாலோ சிக்கனமின்மையாலோ விளக்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் மேல் நீங்களே சுமத்திக்கொண்டிருக்கும் குற்றச்சாட்டை இறக்கி வைப்பது. அது இறங்காமல் அடுத்த படிகளில் எதையும் நிதானமாகச் செய்ய இயலாது.

போட்டியே வேண்டாம் என்பதன்று என் கருத்து. கண்ணகி அம்மன் சடங்கையொட்டி நம் முன்னோர் நடத்திவந்த கொம்புமுறியில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுத்து, எந்தக் கொம்பு முறிகிறது என்று பார்த்தது. அதில் வசையும் இருந்தது, ஆவேசமும் இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. தோற்ற சேரியின் வயலும் வீடும் அதன் கையிலேயே இருந்தன. எந்த மழையை வேண்டி விளையாடினார்களோ அந்த மழை இரு சேரிக்கும் பெய்தது. இன்று நம்மை வருத்தும் போட்டிகளில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. வயலுக்கு வரம்பு கட்டுவதுபோல அவற்றுக்கும் நாமே வரம்பு கட்ட வேண்டியிருக்கிறது. அதைக் கட்டும் முறையைத்தான் கீழே சொல்கிறேன்.

ஒரு கொப்பியில் தொடங்குங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். கணவனும் மனைவியும், வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையும் சேர்ந்து, கடந்த ஓராண்டில் வீட்டை நெருக்கிய செலவுகளையும் கடன்களையும் முதற் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது நமக்குத் தேவைப்பட்டதா, அல்லது அயலில் ஒருவர் செய்ததால் தேவையாகத் தெரிந்ததா? இதில் நாம் பிந்திப்போனால் உண்மையில் எதை இழப்போம்?

இரண்டாவது கேள்விக்கு விடை எழுத நேரம் எடுக்கும். எடுக்கட்டும். சோறு, மருந்து, பிள்ளையின் பாடசாலை, தொழிலுக்கான கருவி ஆகியவற்றில் ஒன்றை இழப்போம் என்றால் அந்தப் போட்டியில் நின்றே ஆகவேண்டும். நாலு பேர் பேசுவார்கள் என்பதுதான் விடையென்றால், அதை அப்படியே எழுதுங்கள். எழுதிய பிறகு அந்தப் பேச்சின் விலை ரூபாவில் தெரியும். எங்கள் சங்கத்தில் ஒரு தாய் இப்படி எழுதிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, அமர்த்திய வீடியோவுக்கும் மண்டபத்துக்கும் வாங்கிய காசை, அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்த பின்பும் அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

இதை எழுதுவதற்குப் பொருத்தமான காலம் அறுவடைக்குப் பின்னரே. இதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டு. தமிழ்நாட்டில் கரும்பு பயிரிடும் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, கையில் காசற்ற அறுவடைக்கு முந்திய நாட்களில் அதே மனிதர்களின் சிந்திக்கும் திறனும் கவனமும் குறைந்து காணப்பட்டதைக் காட்டியது. பற்றாக்குறை மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், ஏனையவற்றுக்கு இடம் இல்லாமல் போகிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஐப்பசி முதல் தை வரையான மாதங்கள் அத்தகையவை. விதைப்புக்கும் உரத்துக்கும் காசு போய்விடும், வரவு எதுவும் இராது. கடன் பத்திரம், காணிப் பத்திரம், கலியாண ஒப்பந்தம், வெளிநாட்டுப் பயணம் ஆகிய நான்கையும் இயன்றவரை அந்த மாதங்களில் கையெழுத்திடாமல் மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். தள்ள முடியாதென்றால், உங்களைப்போல் நெருக்கடியில் இல்லாத ஒருவரிடம் பத்திரத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லோரும் எட்டிப் பார்க்கும் போட்டிகள்

மனிதர் தம்மை அளப்பதற்குக் கையில் ஓர் அளவுகோல் இல்லாதபோது அயலவரை அளவுகோலாக்கிக் கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். பொருளியலாளர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் இன்னொன்றைச் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் குதிக்கால் உயர்த்தி நின்றால் ஒருவருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரிவதில்லை. கால் வலி மட்டும் எல்லோருக்கும் மிஞ்சும். சாமத்திய வீட்டு மண்டபம், வீட்டின் முன் விறாந்தை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மூன்றாவது ரியூசன் ஆகியவை இந்த வகை. ஒருவர் கூட்டியதும் மற்றவரும் கூட்ட வேண்டியதாகி, முடிவில் எல்லோரும் பழைய வரிசையிலேயே, ஆனால் கடனோடு நிற்கிறோம்.

எங்கள் கிழக்கு மாகாணத்தில் இதற்குத் தனியான ஒரு கனம் உண்டு. தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் வீடு மகளுக்குரியது; கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதே இங்கு வழக்கம். பெண்ணைத் தாயின் அருகிலேயே, தன் சொந்த நிலத்தில் நிறுத்திய இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் முன்பு வளவும் சிறு வீடுமாக இருந்த சீதனம் இன்று தட்டு வைத்த கல்வீடாகவும், தரைக்கு மாபிளாகவும் வளர்ந்துவிட்டது. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தாய் மூன்று வீடு கட்டக் குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறாள். எந்த மகளுக்காகப் போனாளோ அந்த மகள் தாயில்லாமல் வளர்கிறாள். காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை இப்படிப்பட்ட வீடுகளை நாம் அறிவோம்.

இந்தப் போட்டியிலிருந்து தனியாக விலகுவது மிகக் கடினம். தனியாக விலகுபவரை ஊர் இயலாதவர் என்று சொல்லும், அந்தச் சொல் பிள்ளையின் காதிலும் விழும். ஆகவே கூட்டாக விலக வேண்டும். எங்கள் அனுபவத்தில் சரிவந்த முறை இதுதான். ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள் உள்ள ஐந்து முதல் ஏழு வீடுகளை மட்டும் அழையுங்கள். ஊர்க் கூட்டமாக்கினால் எல்லோரும் நல்ல வார்த்தை பேசிவிட்டுக் கலைந்து போவார்கள். ஒரே ஒரு விடயத்தை மட்டும் எடுங்கள். சாமத்திய வீட்டில் தொடங்குவது இலகு, ஏனென்றால் அதில் மறுபக்கத்துச் சம்பந்திகள் இல்லை. மண்டபம் வேண்டாம், வளவில் பந்தல் போடுவோம், சமையலுக்கு நாமே கூடுவோம், படம் பிடிப்பது ஒருவர் மட்டும் என்று மூன்று, நான்கு வரிகளில் எழுதி எல்லோரும் பெயர் போடுங்கள்.

இதில் மிக முக்கியமான ஒன்று, ஒப்பந்தத்தை முதலில் நடைமுறைப்படுத்தும் வீடு அந்த ஐந்தாறு வீடுகளில் வசதி கூடிய வீடாக இருக்க வேண்டும். வறிய வீடு முதலில் எளிமையாகச் செய்தால் அது வறுமையாகவே பார்க்கப்படும். வசதியான வீடு செய்தால் அது முறையாகப் பார்க்கப்படும். பின்னால் வருபவர்களுக்கு அந்த முறை நிழலாக நிற்கும். நாங்கள் முதல் தடவை இதைக் கவனிக்காமல் மிகவும் நொந்துபோயிருந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு தொடங்கினோம். அந்தப் பிள்ளை வகுப்பில் கேட்ட சொற்களுக்கு நாங்களே பொறுப்பு. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சீதன வீட்டைப் பற்றிய பேச்சு இதைவிடப் பெரியது. அதைக் கோயில் பரிபாலன சபையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பெண்களும் இருக்கும் ஒரு அமர்வில் பேச வேண்டும். அத்திவாரமும் இரண்டு அறையும் பெற்றோர் பொறுப்பு, மிச்சத்தைப் புதுத் தம்பதியர் தம் உழைப்பில் கட்டலாம் என்ற அளவுக்கு ஓர் உடன்பாடு வந்தால்கூட, பல தாய்மார் விமானம் ஏறாமல் வீட்டில் இருப்பார்கள்.

பத்து வயதுப் பிள்ளை

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைப்பதற்காக வைக்கப்பட்ட பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள், ஏனென்றால் வெட்டுப்புள்ளி என்பதன் வேலையே அது. ஆகவே பெறுபேறு வரும் நாளில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பத்து வயதுப் பிள்ளை தன்னைத் தோல்வி என்று எண்ணப்போவது முன்கூட்டியே தெரிந்த காரியம். அதற்கான ஆயத்தத்தைப் பரீட்சைக்கு முன்பே செய்யுங்கள். பெறுபேறு எதுவாயினும் அன்று மாலை பிள்ளையோடு எங்கே போவது என்று இப்போதே சொல்லிவையுங்கள், சொன்னபடி போங்கள். மற்றப் பிள்ளையின் புள்ளியை உங்கள் பிள்ளையிடம் கேட்க வேண்டாம். வட்ஸ்அப்பில் புள்ளி போடும் குழுவிலிருந்து அந்தக் கிழமை மட்டும் விலகி இருங்கள். வகுப்புப் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து, இரவு ஏழுக்குப் பின் ரியூசன் இல்லை, பிள்ளைகள் ஒன்பதுக்குப் படுப்பார்கள் என்று பேசிக்கொண்டால் எந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைக்குப் பிந்தப் போவதில்லை. சந்தியில் சித்தியடைந்தவர்களின் படத்தோடு பதாகை கட்டும் பழைய மாணவர் சங்கங்களிடம், பரீட்சை எழுதிய வகுப்பு முழுவதின் படத்தையும் போடும்படி கேளுங்கள். கேட்டால் போடுகிறார்கள்.

கிழமைக் கடன்

குழுக்கடனை எடுக்கத்தான் வேண்டுமா என்பதைக் கணக்கால் தீர்மானியுங்கள். ஓர் உதாரணம் பாருங்கள். 50,000 ரூபா தருகிறார்கள். 52 கிழமைக்குக் கிழமை 1,250 ரூபா கட்ட வேண்டும். மொத்தம் 65,000. வட்டி 15,000, அதாவது 30 சதவீதம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த 50,000 ரூபா ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை; முதலாம் கிழமையிலிருந்தே கடனின் முதல் தொகை குறைந்துகொண்டு வருகிறது, சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய அதில் பாதிதான் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருந்தது. குறைந்துவரும் அந்த முதல் தொகைக்குக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆவணச் செலவு, காப்புறுதி என்று தொடக்கத்திலேயே ஒரு தொகையைக் கழித்துக்கொண்டால் இன்னும் கூடும். உங்கள் தொழில் ஆண்டுக்கு அவ்வளவு இலாபம் தருமா என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

பிணைக் கையெழுத்து வைக்குமுன், அந்தத் தோழி மூன்று மாதம் கட்டாவிட்டால் அந்தத் தவணையை நான் மனம் கசக்காமல் கட்டுவேனா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்றால் கையெழுத்து வைக்க வேண்டாம், அதை அவளிடம் நேரே சொல்லுங்கள். அன்றைக்கு ஏற்படும் மனத்தாங்கல் சிறியது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கும் நிலை வந்துவிட்டால், அதுவே எடுப்பதை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்க வேண்டிய இடம். நிறுவனத்திடம் மீதித் தொகையையும் தவணை அட்டவணையையும் தமிழில் எழுத்தில் கேளுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி எழுத்திலேயே விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பெறும் நுண்நிதிக் கம்பனிகளுக்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. கடன் மட்டும் கொடுத்த பல நிறுவனங்கள் அதற்கு வெளியே நின்றன. ஆகவே வாசலில் நிற்பவர் எந்த அனுமதியின்கீழ் வந்திருக்கிறார் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிணக்கை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் ஆலோசனை கேட்கலாம். இரவில் வருவதும், படலையில் நின்று சத்தமிடுவதும், வேறு விதமாகத் தீர்க்கலாம் என்று சாடை காட்டுவதும் கடன் அறவிடல் ஆகாது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, அறவிடுவோர் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல. திகதியையும் நேரத்தையும் கொப்பியில் குறித்து, துணைக்கு ஒருவரோடு பொலிஸுக்குப் போங்கள். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடன் எடுத்தவர்கள் அந்தக் காசில் என்ன செய்கிறோம் என்பதிலும் ஒரு போட்டி ஒளிந்திருக்கிறது. ஒரே ஒழுங்கையில் ஆறு பேர் இடியப்பம் அவித்து விற்றால் ஆறு பேரும் விலையைக் குறைத்துக் குறைத்து மாவுக் காசையும் எடுக்கமாட்டார்கள். தொழில் தொடங்குமுன் ஒழுங்கையை ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், ஒருவர் காலையில் இடியப்பம், மற்றவர் மாலையில் பிட்டு என்று பிரித்துக்கொண்டு மாவை மொத்தமாகச் சேர்ந்து வாங்குங்கள்.

கடனுக்கு மாற்றாகச் சீட்டு நல்லது, ஆனால் ஏலச்சீட்டு வேண்டாம். ஏலத்தில் மிக நெருக்கடியில் இருப்பவளே கூடிய கழிவு கொடுத்துக் காசை எடுக்கிறாள். அவளுடைய அவசரம் மற்றவர்களுக்கு இலாபமாகிறது. பத்துப் பேர் மாதம் 2,000 ரூபா போட்டு, மாதம் ஒருவர் 20,000 ரூபா எடுக்கும் குலுக்கல் சீட்டை வையுங்கள். ஒருவர் வீட்டில் நோய் அல்லது மரணம் நேர்ந்தால் அந்த மாதம் குலுக்காமல் அவருக்கே கொடுப்பது என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

உடலும் மனமும் சொல்வதைக் கேட்டல்

கிழமைக்கு மூன்று, நான்கு இரவு தூக்கம் கலைதல், தொலைபேசி அடித்தாலே நெஞ்சு படபடத்தல், காரணமில்லாமல் பிள்ளைக்கு அடித்தல், கையில் வைக்கக் காசில்லை என்று கலியாண வீட்டையும் செத்த வீட்டையும் தவிர்த்தல் ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. நான் போனால் கடன் தீரும் என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, அப்படி எண்ணுகிறீர்களா என்று நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த இந்த நாட்டில், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. நெருக்கடியின் உச்சம் பல வேளைகளில் சில மணி நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பது உயிரைக் காக்கிறது.

கடன் கட்டாதவர் வீட்டுக்கு நீங்கள் போகும்போது, காசைப் பற்றிப் பேசாத ஒரு நாளில் போங்கள். சாத்திய படலையில் தவணை நாளன்று கூப்பிட்டால் திறக்கமாட்டார்கள். வேறொரு நாளில், கொஞ்சம் முருங்கைக் கீரையோ இரண்டு மீனோ கையில் கொண்டு, பின் வளவால் போய்க் குசினி வாசலில் குந்துங்கள். உங்கள் கொப்பியையும் கொண்டுபோங்கள், உங்கள் முதற் பக்கத்தை முதலில் காட்டுங்கள். தன்னுடையதை அவர் உடனே சொல்லாவிட்டாலும், வெறும் கொப்பி ஒன்றை அங்கே வைத்துவிட்டு வாருங்கள்.

முதற் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அடுத்த மாசியில் நெல் விற்ற காசு கைக்கு வந்தவுடன், எந்தச் செலவையும் தொடங்குமுன், அதே ஆட்கள் கூடி இருந்து அதே இரண்டு கேள்விகளையும் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். நாலு பேர் பேசுவார்கள் என்ற விடை எத்தனை இடத்தில் குறைந்திருக்கிறது என்று எண்ணி, எண்ணிக்கையைப் பக்கத்தின் அடியில் குறித்து வையுங்கள்.